ஹப் மோட்டாரின் காந்தப்புலத்தைத் தளர்த்தி வேகம் கூட்டலாமா?

கேள்வி: 48 வோல்ற் ஹப் மோட்டார் (சில்லின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) பூட்டிய ஸ்கூட்டர், கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிக்கு ஏ9 வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டுதில்லை. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வெஸ்க் (VESC) கொன்ட்ரோலரில் புலத் தளர்வுக்கு எத்தனை அம்பியர் வைக்கலாம்? அளந்த அளவுகள்: காந்தப்பாயம் 0.025 வெபர், தூண்டுதிறன் 250 மைக்ரோஹென்றி, ஒரு சுருளின் தடை 0.1 ஓம், 23 துருவச் சோடி, ரயர் விட்டம் அரை மீற்றர்.

பதில்: 20 அம்பியர். அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் மோட்டார் சுமையில்லாமலே மணிக்கு 43 கிலோமீற்றரில் பற்றரிக்குச் சமமான பின் மின்னியக்க விசையை, அதாவது சுழலும் மோட்டார் தானே எதிராக உண்டாக்கும் வோல்ற்றை, உண்டாக்கிவிடும். பிறகு மின்னோட்டம் நுழைய இடமில்லை. புலத் தளர்வு, காந்தத்துக்கு எதிர்த்திசையில் சுருளுக்கு மின்னோட்டம் கொடுத்து அந்த விசையைக் குறைக்கிறது. 250 மைக்ரோஹென்றியில் 20 அம்பியர் என்றால் 0.005 வெபர், அதாவது பாயத்தில் ஐந்தில் ஒன்று. வேகம் கணக்கில் 54 வரை ஏறும். எதிர்காற்றில் அவ்வளவு வராது.

காந்தங்கள் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால் சுருளின் காந்தப்புலத்துக்கு அவை காற்றைப் போலவே நடந்துகொள்கின்றன. தூண்டுதிறன் குறைவு, ஆகவே சிறிது தளர்த்தவும் நிறைய அம்பியர் வேண்டும். அந்த 20 அம்பியர் இழுவை தராது, சுருளில் 60 வாற் சூடாக மட்டும் போகும். 40 அம்பியர் என்றால் 240 வாற்.

சூட்டைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. 54இல் ஓடும்போது கொன்ட்ரோலர் நின்றுபோனால் தளர்வும் போய்விடும். மோட்டார் முழுதாக 60 வோல்ற்றைத் திருப்பித் தள்ளும். அதே நேரம் பற்றரிப் பாதுகாப்புப் பலகையும் துண்டித்தால் அது போக வழியில்லை. 40 அம்பியர் வைத்து அதற்கேற்ற உச்ச வேகத்தில் இது நடந்தால் 80 வோல்ற். கொன்ட்ரோலருக்குள் 63 வோல்ற் கொள்ளளவி இருந்தால் அது வெடிக்கலாம். எனவே ஓடும்போது சாவியைத் திருப்பவே கூடாது.

தளர்வு தொடங்கும் டியூட்டியை (பற்றரி வோல்ற்றில் மோட்டாருக்குப் போகும் பங்கை) 90 வீதத்தில் வையுங்கள். முதலில் 5 அம்பியர், பிறகு ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் முறிகண்டியில் நிற்கும்போது ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் ஒரு படி இறங்குங்கள். சாதாரண நியோடைமியம் காந்தத்தின் எல்லை 80 பாகை செல்சியஸ்தான், வன்னி வெயில் அதில் பாதியை முன்கூட்டியே எடுத்துவிடும். மோட்டார் நன்றாக ஆறியபின் காந்தப்பாயத்தைத் திரும்ப அளவுங்கள். 0.023 காட்டினால் காந்தம் நிரந்தரமாகத் தளர்ந்துவிட்டது.

வேகம் மணிக்கு மூன்று கிலோமீற்றர் கூடினால் போதுமென்றால் தளர்வே வேண்டாம். பற்றரியில் தொடராக உள்ள 13 கலங்களை 14 ஆக்குங்கள். கொன்ட்ரோலர் 58.8 வோல்ற்றைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். சார்ஜரையும் பாதுகாப்புப் பலகையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.