நெத்திலிக்கு எந்த ஒயின்? இத்தாலியச் சிற்றுணவகம் பற்றி வாசகர் கேள்விகள்

வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில், லாங்கே குன்றுகளுக்கு நடுவே, இருபது பேர் மட்டுமே அமரக்கூடிய ஓர் ஓஸ்தேரியாவில் அக்டோபர் மாத இரவொன்றில் உண்டதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஓஸ்தேரியா என்பது அங்கே சிற்றுணவகத்துக்குப் பெயர். பருவத்துக்குப் பருவம் மாறும் உணவுகளையும் அவற்றோடு வந்த உள்ளூர் ஒயின்களையும் குறித்து வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் சொல்கிறேன்.

அந்த உணவகத்தில் அச்சிட்ட உணவுப் பட்டியலே இல்லை, கரும்பலகையில் அன்றன்று எழுதுகிறார்கள் என்றீர்கள். விலையை உயர்த்துவதற்கு இப்படியும் ஒரு நாகரிகமா?
– திருச்சி வாசகர்

பெருநகரங்களில் அப்படியும் நடக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். லாங்கேயின் சிற்றூர்களில் காரணம் மிகச் சாதாரணமானது. சமையலறையில் இருவர்தான், குளிர்பெட்டி சிறியது, ஆல்பா நகரின் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கியது விரைவில் தீர்ந்தாக வேண்டும். ஆகவே கோடையில், மெல்லியதாக அரிந்த குளிர்ந்த கன்றிறைச்சியின் மேல் சூரை மீன் சாந்தைப் பரப்பிய வித்தெல்லோ தொன்னாத்தோ கிடைக்கும். இலையுதிர்காலத்தில் போர்ச்சினிக் காளானும், கார்மன்யோலா குடைமிளகாயின் கடைசி அறுவடையும், மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சையான வெள்ளை ட்ரஃபிளும் வந்து அதை அழித்துவிட்டுப் பலகையை நிரப்பும். குளிர் கடுமையானதும் பலவகை இறைச்சிகளைச் சேர்த்து வேகவைக்கும் பொல்லீத்தோ மிஸ்தோவின் முறை.

ஒரு சிறு சோதனை சொல்கிறேன். இத்தாலிய உணவுப் பட்டியல்களில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அது உறைய வைத்த பொருளைப் பயன்படுத்தியிருப்பதற்கான அறிவிப்பு. அதைச் சொல்லாமல் மறைத்த உணவகங்கள் மீது ஏமாற்று முயற்சி என்று வழக்கு நடந்திருக்கிறது. பட்டியல் முழுவதும் நட்சத்திரம் மின்னினால், வாசலில் ‘பருவகாலச் சமையல்’ என்று எழுதியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

‘ஓர் ஊரின் உணவுக்கு அந்த ஊரின் ஒயினே பொருந்தும்’ என்கிறார்களே, இது உண்மையா, வெறும் விற்பனைப் பேச்சா?
– கோவை வாசகி

பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் எனக்கு உடன்பாடானதல்ல. மண்ணும் மழையும் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு சுவைகள் பொருந்திவிடுவதில்லை. ஒரே குன்றுச் சரிவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களுக்கு வேறு ஒயின் வாய்த்ததில்லை என்பதால், அதைக் குடித்துக்கொண்டே உண்டவர்கள் தம்மை அறியாமல் உப்பையும் கொழுப்பையும் அதற்கு இசைவாகத் திருத்திக்கொண்டார்கள். மோர்க்குழம்பு வைக்கும் நாளில் நம் வீடுகளில் பருப்புசிலி செய்வதும் யாரும் எழுதி வைத்த விதியால் அல்லவே.

பியெமோந்தேயில் சிவப்பு ஒயினுக்கு முதன்மையான திராட்சைகள் மூன்று. டோல்ச்செட்டோ என்ற பெயரில் இனிப்பு இருந்தாலும் ஒயினில் இனிப்பு கிடையாது, புளிப்பும் குறைவு, தொடக்க உணவுகளோடு அதைக் குடிப்பார்கள். பார்பேராவில் புளிப்பு தூக்கலாகவும் துவர்ப்பு அடங்கியும் இருக்கும். நெபியோலோவில் இரண்டுமே மிகுதி. பரோலோ, பார்பரெஸ்கோ என்னும் புகழ்பெற்ற ஒயின்கள் முழுக்க நெபியோலோவால் ஆனவை. பரோலோவைக் குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் வைத்திருந்த பின்னரே விற்கலாம் என்பது விதி.

துவர்ப்பைப் பற்றி எழுதும் மேலைநாட்டவர் அது நாக்கில் எப்படி உறைக்கும் என்பதை விளக்கவே ஒரு பத்தியைச் செலவிடுகிறார்கள். அறுசுவையுள் ஒன்றாக அதை எண்ணிப் பழகிய நமக்கு அந்தச் சிரமம் இல்லை. வாழைப்பூவும் கடுக்காயும் வாயில் செய்வதையே இளம் நெபியோலோவும் செய்கிறது. எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து நாவை வறளச் செய்யும் அந்தத் துவர்ப்பு, கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சி வாயில் இருக்கும்போது தணிந்துவிடுகிறது. மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினிலேயே மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைக்கும் பிரசாத்தோ, பரோலோவோடு அத்தனை இயல்பாகப் பொருந்துவது இதனால்தான்.

ஊர் உணவுக்கு ஊர் ஒயின் என்ற அந்த விதி தடுமாறும் இடமும் அதே மேசையில் இருக்கிறது. நவம்பரில் லாங்கே முழுவதும் உண்ணப்படும் பான்யா காவுதா என்பது பூண்டையும் உப்பிட்ட நெத்திலியையும் ஆலிவ் எண்ணெயில் கரையும்வரை சூடாக்கிச் செய்யும் குழம்பு. அதை அடியில் சிறு மெழுகுவத்தி எரியும் மண்சட்டியில் வைத்து, முட்டைக்கோசு, குடைமிளகாய், சுட்ட வெங்காயம் என்று ஒவ்வொன்றாகத் தோய்த்து உண்பார்கள். தோய்ப்பவற்றுள் தலைமையானது நிட்சா மொன்ஃபெராத்தோ ஊரின் கார்தோ என்னும் காய்கறிச் செடியின் தண்டு. செடியை வளைத்து மண்ணால் மூடி, வெயில் படாமல் வெளுக்க வைத்து அறுக்கிறார்கள். எல்லாம் முடிந்த பின் சட்டியின் அடியில் எஞ்சியதில் ஒரு முட்டையை உடைத்துக் கிளறுவது வழக்கம். கடற்கரையே இல்லாத மாநிலத்தில் நெத்திலி எப்படி வந்தது என்றால், தெற்கே உள்ள லிகூரியாக் கடற்கரையிலிருந்து மலை ஏறி வந்த உப்பு வணிகத்தோடு வந்தது.

இந்தக் குழம்போடு பரோலோவைக் குடித்தால் உப்பும் மீனும் துவர்ப்பைக் கசப்பாக்கிவிடும். விலை உயர்ந்தது எதனோடும் சிறந்தது என்ற எண்ணத்தில் நானும் ஒருமுறை அப்படிக் கேட்டேன். கடைக்காரர் மறுத்துப் பேசவில்லை. பரோலோவை ஊற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு குவளை பார்பேராவையும் வைத்துவிட்டுப் போனார். இரண்டுமே கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன. எண்ணெயின் கனத்தைப் பார்பேராவின் புளிப்பு அறுத்துவிடும் விதத்தை அன்று கற்றுக்கொண்டேன் என்பதால் எனக்கு வருத்தமில்லை. ஊர் ஒன்றாக இருந்தால் போதாது, அந்த ஊரில் எந்தத் திராட்சை என்பதையும் கேட்க வேண்டும்.

வெள்ளை ட்ரஃபிள் தங்கத்தின் விலை விற்கிறதாமே. சாதாரணப் பயணி அதைச் சுவைக்க முடியுமா?
– சென்னை வாசகர்

முடியும், ஆனால் விலையை முதலில் கேட்டுவிடுங்கள். நாய்களின் மோப்பத்தால் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்படும் இந்தப் பூஞ்சையைச் சமைப்பதில்லை. முட்டை மஞ்சள்கரு மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்த தயரின் என்னும் மெல்லிய பாஸ்தாவை வெண்ணெயில் புரட்டி, சூடு ஆறுவதற்குள் அதன் மேல் பச்சையாகச் சீவுகிறார்கள். நேர்மையான கடையில் சீவுவதற்கு முன்னும் பின்னும் உங்கள் கண்முன்னே தராசில் நிறுத்து, குறைந்த எடைக்கு மட்டும் பணம் பெறுவார்கள். கிராமுக்குச் சில யூரோக்கள் ஆகும். மழை பெய்த அளவைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு விலை மாறும். ஒயின் அடக்கமாக இருக்க வேண்டும் என்பதால், துவர்ப்பு தேய்ந்த பழைய பார்பரெஸ்கோவை நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆண்டு முழுவதும் ‘ட்ரஃபிள் எண்ணெய்’ என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் செயற்கை மணப்பொருள் கலந்த எண்ணெய். அதை வாங்கி வந்து தோசையில் தடவிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், தோசைக்காக வருந்துகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இங்கே சிசிலித் தீவின் பலெர்மோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். வடக்கிலிருந்து வருகிற வாடிக்கையாளர்கள் சாளை மீன் பாஸ்தாவுக்கும் சிவப்பு ஒயினே கேட்கிறார்கள். அவர்களுக்கு எதைக் கொடுக்கச் சொல்வது?
– பலெர்மோ வாசகர்

பாஸ்தா கொன் லே சார்தே என்னும் அந்தச் சாளை மீன் பாஸ்தாவைச் செய்வதை நாள்தோறும் பார்ப்பவருக்கு நான் பாடம் சொல்வது பொருந்தாது. மற்ற வாசகர்களுக்காக மட்டும் ஒரு வரி. வசந்த காலத்தில் குன்றுகளில் தானாக முளைக்கும் காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, சாளை, உலர்திராட்சை, பைன் விதை, குங்குமப்பூ ஆகியவை சேர்ந்த அந்தப் பாஸ்தாவில் இனிப்பும் உவர்ப்பும் ஒன்றாகவே வரும்.

உங்கள் கேள்விக்கு வேதியியலும் துணை நிற்கிறது. சிவப்பு ஒயினோடு மீன் உண்டால் எழும் கவிச்சை வாடைக்கு ஒயினில் உள்ள இரும்பு ஒரு காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாளை போன்ற எண்ணெய் மிகுந்த மீனில் அது கூடுதலாகத் தெரியும். ஆகவே முதலில் மேற்குச் சிசிலியின் க்ரில்லோ அல்லது கத்தராத்தோ என்னும் வெள்ளை ஒயினைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு, தீவின் தென்கிழக்கில் வித்தோரியாப் பகுதியில் விளையும் ஃப்ராப்பாத்தோவைச் சிறிது குளிர வைத்துக் கொடுக்கலாம். நிறம் சிவப்பு, துவர்ப்பு மிகக் குறைவு. நெரோ தாவோலா என்னும் சிசிலியின் சிவப்பு ஒயினைக் கத்தரிக்காய் கப்போனாத்தாவுக்கும் இறைச்சிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் மாதம் குடும்பத்தோடு ரோம் செல்கிறோம். நாங்கள் சைவம். அந்தப் பருவத்தில் எங்களுக்கு என்ன கிடைக்கும்? கணவர் மட்டும் ஒரு குவளை ஒயின் அருந்துவார்.
– ஈரோடு வாசகி

நல்ல மாதத்தில் செல்கிறீர்கள். ரோம் நகரின் உருண்டையான ஆர்ட்டிசோக் மொட்டுகளுக்கு அதுவே பருவம். புதினா வகைக் கீரையும் பூண்டும் அடைத்து மெதுவாக வேகவைப்பது ரோமானிய முறை. இதழ்களை விரித்து எண்ணெயில் இருமுறை பொரித்து, பூப்போல மலர்த்தித் தருவது அந்நகரத்து யூதர்களின் முறை. நான் சாப்பிட்டவற்றுள் இரண்டாவதற்கே என் வாக்கு. வெளி இதழ்கள் வற்றல்போல நொறுங்கும்.

ஒயினைத் திணறடிக்கும் காய் இது. ஆர்ட்டிசோக்கில் உள்ள சைனரின் முதலான பொருள்கள் நாவின் இனிப்புணர்வைக் குழப்புவதால், அதற்குப் பின் அருந்தும் தண்ணீர்கூட இனிக்கும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த அனுபவம்தான். நுட்பமான ஒயின் எல்லாம் அங்கே பொருளற்ற தித்திப்பாகிவிடும். ரோமை அடுத்த குன்றுகளில் விளையும் ஃப்ராஸ்காத்தி என்னும் எளிய, புளிப்புள்ள வெள்ளை ஒயின் உங்கள் கணவருக்குப் போதும். விலையுயர்ந்த புட்டியை வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை சில. காய்ச் சாலட் என்று வரும் புந்தரேல்லேயில் நெத்திலி அரைத்த சாறு ஊற்றியிருக்கும். வசந்தத்தின் பட்டாணியும் பாக்கிலாப் பருப்பும் ஆர்ட்டிசோக்கும் சேர்ந்த விஞ்யரோலாவில் பன்றிக் கன்னக் கொழுப்பைப் பலர் சேர்க்கிறார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளாலும், பெக்கொரீனோ ரொமானோவை ஆட்டுக்குட்டியின் உறைபொருளாலும் செய்கிறார்கள். ‘இறைச்சி இல்லை’ என்று பரிமாறுபவர் சொல்வது அவரளவில் உண்மையாகவே இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது பாலாடைக்கட்டியையும் நெத்திலியையும் பெயர் சொல்லி.

சிற்றுணவகங்களில் குடுவையில் அளந்து தரும் ‘வீட்டு ஒயின்’ நம்பத்தக்கதா?
– சூரிச் வாசகர்

கால் லிட்டர், அரை லிட்டர் என்று அளந்து தரும் அந்த ஒயின் பெரும்பாலும் அருகிலுள்ள விவசாயியிடம் மொத்தமாக வாங்கியது. மதிய உணவுக்கு நான் அதையே கேட்கிறேன்.

உங்கள் ஐயத்துக்குப் பழைய அடிப்படை ஒன்று உண்டு. 1986-இல் பியெமோந்தேயிலிருந்து வந்த மலிவான ஒயினில் மெத்தனால் கலந்திருந்ததால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள். கள்ளச்சாராயச் சாவுகளால் நமக்கும் பழகிப்போன நஞ்சுதான் அது. பார்பேராவின் பெயர் அப்போது அடியோடு கெட்டது. அதிலிருந்து மீள்வதற்காக விளைச்சலைக் குறைத்து, தம் பெயரையே புட்டியில் ஒட்டி விற்கத் தொடங்கிய விவசாயிகளால்தான் இன்றைய பார்பேரா இத்தனை நன்றாக இருக்கிறது. அதே மாநிலத்தின் ப்ரா என்னும் ஊரைச் சேர்ந்த கார்லோ பெத்ரினி, உள்ளூர் உணவையும் நிதானமாக உண்பதையும் போற்றும், பின்னாளில் ‘ஸ்லோ ஃபுட்’ ஆன இயக்கத்துக்கு வித்திட்டதும் அதே 1986-இல்தான்.

நான் மது அருந்துவதில்லை. அப்படியானால் இந்த உணவின் பாதியை இழந்தவனாகிவிடுவேனா?
– நாகர்கோவில் வாசகர்

இல்லை. அந்த ஓஸ்தேரியாவில் பக்கத்து மேசையில் இருந்த முதியவர் உணவு முழுவதும் குமிழித் தண்ணீரே குடித்தார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கொழுப்பை அறுக்கும் வேலையைப் புளிப்பும் கசப்பும் செய்வதால், கசப்பு நாரத்தை வகையிலிருந்து செய்யும் கினோத்தோ என்னும் கருநிறக் குளிர்பானம் பொரித்த உணவுகளோடு நன்றாகவே பொருந்தும்.

திராட்சையையே சுவைக்க வேண்டும் என்றால், இலையுதிர்காலத்தில் பாலாடைக்கட்டித் தட்டோடு குன்யா இருக்கிறதா என்று கேளுங்கள். நொதிக்காத திராட்சைச் சாற்றை, பேரிக்காய், சீமை மாதுளை, ஹேசல்நட் ஆகியவற்றோடு மணிக்கணக்கில் காய்ச்சிக் குறுக்கிய கருஞ்சாந்து அது. பார்பேராவும் டோல்ச்செட்டோவும் ஒயினாக மாறுவதற்கு முன்பே அந்தச் சட்டிக்குள் போய்விடுகின்றன. வேகவைத்த இறைச்சிக்கும் வயதேறிய பாலாடைக்கட்டிக்கும் ஒரு கரண்டி போதும்.