மாமன் சீர்த் தட்டை யார் எடுத்து வருவது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இதைக் கேட்கிறேன்.

போன புரட்டாசியில் என் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். எங்களுக்குச் சின்ன வயதிலேயே அப்பா இல்லை. என்னைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாமே அண்ணன்தான். என் மகளுக்கு அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். புளோக்குக்குக் கீழே அண்ணனைக் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லாரும் அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் துக்கம் கேட்டார்கள். என்னிடம், "அண்ணியப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் மண்டாய் தகனச் சாலைக்கு வரவேண்டாம் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டதால் வண்டி கிளம்பும்வரை நின்றுவிட்டு மேலே போய்விட்டேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள்தான் தீட்டு என்று நான்காம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன்.

வரும் ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அண்ணன் இருக்கும்போதே பேசி முடித்தது. துக்கம் நடந்த வருஷத்துக்குள் நல்ல காரியம் செய்வதுதான் நல்லது என்று வீட்டில் சொல்லி, தேதி குறித்துவிட்டோம். இப்போது பிரச்சினை மாமன் சீர். அண்ணன் மகன் செய்யட்டும் என்கிறாள் மகள். அவன் அவளுக்கு முறை மாப்பிள்ளை ஆயிற்றே, அவன் எப்படி மாமன் இடத்தில் நிற்பான் என்கிறார்கள் பெரியவர்கள். ஜொகூரில் இருக்கும் பெரியப்பா மகனைக் கூப்பிடச் சொல்கிறார்கள். அண்ணியோ மண்டபத்துக்கே வரமாட்டேன் என்கிறார். யாருமே செய்யவேண்டாம், தாய்மாமன் நிற்கிற இடம் காலியாகவே இருக்கட்டும், அதுதான் அண்ணனுக்கு நான் தருகிற மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது சரியா?

(பெயர் வேண்டாம் ஐயா.)

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் வேறொன்று பேசவேண்டும். "ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. சிங்கப்பூரில் துக்க விடுப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். உயில் எழுதாமல் ஒருவர் போய்விட்டால் சொத்து பிரிகிற வரிசையிலும் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் யாரும் இல்லாதபோதுதான் உடன்பிறந்தவர்களின் முறை வருகிறது. சொத்துக்கு அந்த வரிசை நியாயம்தான். ஆனால் துக்கம் கேட்பதிலும் நம் ஆட்கள் அதே வரிசையை வைத்துவிடுகிறார்கள். அண்ணனைப் பறிகொடுத்த தங்கையிடம் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உங்களிடம் யாரும் துக்கம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். உங்களுக்கு அப்பாவாகவும் இருந்தவர் போய்விட்டார். அது பெரிய இழப்பு, அம்மா.

மண்டாய் பற்றியும் ஒன்று. பெண்கள் அங்கே வரக்கூடாது என்று எந்த விதியும் கிடையாது. நான் போன எத்தனையோ இறுதிச் சடங்குகளில் மகள்களும் தங்கைகளும் கூடத்தில் நின்று, பெட்டி உள்ளே போகிறவரை பார்த்திருக்கிறார்கள். உங்களைத் தடுத்தது தவறு. அந்தப் பெரியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் தவறுதான்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

என் அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். 1972 ஜூனில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் மேல்தளத்தில் அடுக்கிய கொள்கலன்களை இரும்புத் தண்டு போட்டு இறுக்கிக் கட்டுகிற லாஷிங் வேலை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்த உயரத்தில் நிற்கவேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு என்னை எழுப்பிவிட்டுத்தான் படுப்பார். எழுப்பும்போதே அன்றைக்குக் கட்டிய கப்பலின் பெயரையும் அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்த ஊரின் பெயரையும் சொல்வார். மன்ரோவியா, பனாமா, ஹாம்பர்க். அவர் சொல்லச் சொல்ல நான் பள்ளிக்கூட அட்லஸில் தேடுவேன். லைபீரியாவிலும் பனாமாவிலும் கப்பலைப் பதிவு செய்வது முதலாளிகளுக்குச் செலவு குறைவு, அதனால்தான் அத்தனை கப்பலில் அந்த ஊர்ப் பெயர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த கதை. அப்போது எனக்கு மன்ரோவியாதான் உலகத்திலேயே பெரிய ஊர்.

கையில் காசு இருக்கும்போது காலாங் தேசிய அரங்கத்துக்கு மலேசியக் கிண்ணக் காற்பந்து ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போவார். அந்தக் கூட்டம் போடுகிற சத்தத்தில் எனக்குப் பயம் வந்துவிடும். அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொள்வார். 1977 இறுதி ஆட்டம் கோலாலம்பூரில். பினாங்கை 3-2 என்று சிங்கப்பூர் ஜெயித்த அன்று, வீட்டுக்குள் அவர் என்னைத் தூக்கிச் சுற்றியதில் அம்மாவின் குத்துவிளக்கு விழுந்தது. பண்டிகை நாளில் குளுவாங்கில் இருந்த மாமா வீட்டுக்கு தஞ்சோங் பகார் நிலையத்தில் ரயிலேறிப் போவோம். ஜன்னல் ஓரம் எப்போதும் எனக்குத்தான்.

அவர் போன பிறகு, அவர் நின்ற இடங்களில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும் போல இருந்தது. உங்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கும். ஆனால் எங்கே போய் நிற்பது? பழைய அரங்கத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் 2014இல் புதியதைத் திறந்துவிட்டார்கள். ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகாருக்கு வருவது நின்றது. துறைமுகத்தின் கொள்கலன் வேலைகள் 2017இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போய்விட்டன. அஸ்தியை செமக்காவ் தீவுக்குத் தெற்கே கடலில் கரைத்தோம். அரசாங்கம் ஒதுக்கியிருக்கும் இடம் அது, தீவிலிருந்து கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர். படகு திரும்பியதும் எந்த அலை என்று காட்ட ஆள் இல்லை. மண்ணில் தூவலாம் என்று 2021இல் சுவா சூ காங்கில் ஒரு தோட்டம் திறந்தார்கள், அங்கேயும் பெயர்ப் பலகை வைக்க முடியாது. புதைத்தாலும் இங்கே கல்லறைக்குப் பதினைந்து வருஷம்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. தீவு சின்னது, அடுத்து வருகிறவர்களுக்கும் இடம் வேண்டும். ஆனால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நாம் ஓர் இடத்தை நம்பி யாரையும் நினைவில் வைத்திருக்க முடியாது, அவர்களை மனிதர்களிடம்தான் வைத்திருக்க முடியும். அதற்கு மனிதர்கள் ஒன்றுகூட வேண்டும், கூடுவதற்குக் காரணம் வேண்டும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சீர் இதெல்லாம் அப்படிப்பட்ட காரணங்கள். அதனால்தான் காலியாக விடாதீர்கள் என்கிறேன். காலி இடத்தைப் பார்த்து வலிப்பது உங்களுக்கும் அண்ணிக்கும் மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கே ஓர் ஆள் குறைவது தெரியக்கூடத் தெரியாது.

முறை விஷயத்தில் பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அண்ணன் மகன் உங்கள் மகளுக்கு மச்சான் முறை. பட்டம் கட்டுவது, மாமன் மாலை போடுவது போன்றவற்றை மாமன் முறையில் இருப்பவர் செய்யவேண்டும் என்று அவர்கள் நினைத்தால், ஜொகூர் அண்ணன் வந்து செய்யட்டுமே. அதனால் உங்கள் அண்ணனின் இடம் போய்விடாது. தாய்மாமன் இல்லாத வீடுகளில் மாமன் மகனே எல்லாம் செய்வதையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் குடும்பம் எதை ஒத்துக்கொள்கிறதோ அதைச் செய்யுங்கள், அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

சீர்த் தட்டு வேறு விஷயம். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாமன் சீர் உங்கள் பிறந்த வீட்டிலிருந்து வருவது. அந்த வீடு இன்னும் இருக்கிறது. அண்ணன் மகன் இருக்கிறான், அண்ணி இருக்கிறார். தட்டு அங்கிருந்துதான் வரவேண்டும், முதல் தட்டு அண்ணி கையில் இருக்கவேண்டும்.

அண்ணி ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாலி இல்லாதவர் மங்கல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று யாராவது முணுமுணுப்பார்கள் என்ற பயம். என் தங்கை மகள் கல்யாணத்திலும் இதுதான் நடந்தது. பெருமாள் கோயில் கோவிந்தசாமிப் பிள்ளை மண்டபத்தில் கல்யாணம். அண்ணன் காலமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. தாய்மாமன்களில் மிச்சம் நான் ஒருவன்தான். அண்ணி தோ பாயோ வீட்டை விட்டுக் கிளம்ப மறுத்துவிட்டார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஆயிரம் வேலை கிடக்க, தங்கை டாக்சி பிடித்துப் போய், பீரோவைத் திறந்து, அண்ணன் எடுத்துக்கொடுத்த பட்டுப்புடவையைக் கட்டச் சொல்லி, கையோடு கூட்டிவந்துவிட்டாள். அடுத்த நாள் மண்டப வாசலில் ஓர் உறவுக்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தங்கை திரும்பி, "எங்க அண்ணன் வீட்டுச் சீரு. அண்ணி தூக்காம வேற யாரு தூக்குவா?" என்றாள். அவ்வளவுதான், யாரும் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அண்ணி முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். அண்ணிமார்களை ஒதுக்கி வைத்துவிட்டு அண்ணன்மார்களை நினைவுகூர்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அண்ணனோடு வேலை பார்த்த பழைய ஆட்கள் சிலரைத் தங்கை தேடிப்பிடித்துக் கூப்பிட்டிருந்தாள். பந்தியில் என் பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் உட்கார்ந்தார். ஷிப்ட் முடிந்ததும் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவார்களாம், அண்ணன் மட்டும் கப்பல் துறையோரமாகவே பின்பக்கம்வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாராம். எதற்கு என்று கேட்டால், "ஊர் பேரு பாக்கணும், வீட்ல ஒரு பையன் கேப்பான்" என்பாராம். மேல்தளத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு அந்த எழுத்து கண்ணில் படாது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க இரும்பைத் தூக்கிவிட்டு, ஒரு கப்பலின் நீளத்தை எனக்காக நடந்திருக்கிறார். அதை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சீர் நடக்காமல் போயிருந்தால் அவரை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். அவரிடம் இருந்த என் அண்ணனை நான் பார்த்திருக்கவே மாட்டேன். உங்கள் அண்ணனும் இப்படி யார் யாரிடமோ இருக்கிறார். அவர் வேலை செய்த இடத்தில், கோப்பிக் கடையில், தேசிய சேவையில் கூட இருந்தவர்கள், தைப்பூசத்துக்குக் காவடியோடு கூட நடந்தவர்கள். இவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர்களை எல்லாம் அழையுங்கள். மாப்பிள்ளை வீட்டுப் பட்டியல் நீளமாக இருக்கிறது, மண்டபத்தில் இடம் இல்லை என்று யாராவது சொன்னால், உங்கள் பக்கத்தில் தூரத்து உறவு நாலு பேரைக் குறைத்துக்கொண்டு இவர்களுக்கு இடம் கொடுங்கள்.

அழைப்பிதழில் தாய்மாமன் என்று போட்டு, 'அமரர்' சேர்த்து அண்ணன் பெயரை எழுதுங்கள், பக்கத்திலேயே அண்ணியின் பெயர், அடுத்து அண்ணன் மகனின் பெயர். மங்கலப் பத்திரிகையில் அந்தச் சொல் வரக்கூடாது என்று அச்சகத்தில் சொன்னால், அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். பெயர் இருக்கட்டும். கல்யாணம் முடிந்து புரட்டாசி வரும்போது, வருஷ நினைவஞ்சலி என்று தமிழ் முரசில் படம் போடுவார்கள். மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டே போய்க் கடைசியில் 'உற்றார் உறவினர்' என்று உங்களைச் சேர்த்து முடித்துவிடுவார்கள். அண்ணன் மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அதில் தங்கை என்று உங்கள் பெயர் தனியாக வரவேண்டும்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் அண்ணி வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் கேட்டால் அவர் மாட்டேன் என்றுதான் சொல்வார். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் கேட்டால் அத்தை தட்டமாட்டார்.

அன்புடன்.