என் கை நரம்பு அறுந்தது, பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 26. முல்லைத்தீவு மாவட்டத்தில் வசிக்கிறேன். 2009 இல், இறுதி யுத்தத்தின்போது, வலது முழங்கையில் குண்டுச் சிதறல் பட்டு நரம்பு அறுந்துவிட்டது. சின்ன விரலும் மோதிர விரலும் இன்றுவரை மரத்தே இருக்கின்றன. சிறு துண்டொன்று இன்னும் உள்ளே இருக்கிறது. இப்போது முதற்பிள்ளை வயிற்றில், 11 வாரம். தாயின் நரம்புக் குறை பிள்ளைக்கும் வரும் என்கிறார் மாமி. பிள்ளையின் நரம்பு எப்படித்தான் உண்டாகிறது? இரவில் நித்திரை வருவதில்லை, டொக்டர்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

வராது. இதை மனதில் இருத்திக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். உங்கள் நரம்பை அறுத்தது வெளியிலிருந்து வந்த இரும்பு. அந்த வெட்டு உங்கள் மரபணுக்களில் எழுதப்படவில்லை. காலை இழந்த தாய்மாரின் பிள்ளைகள் இரண்டு கால்களோடும் ஓடித் திரிவதை வன்னியில் நாம் கண்ணால் காண்கிறோம் அல்லவா?

பிள்ளையின் நரம்பு முழுவதும் பிள்ளையின் சொந்த உயிரணுக்களிலிருந்தே முளைக்கிறது. கருத்தரித்த மூன்றாம் வாரத்தில் கருவின் முதுகுப் பக்கம் ஒரு தகடு தடிக்கிறது. அதன் ஓரங்கள் உயர்ந்து, ஒன்றையொன்று தொட்டு, குழாயாகின்றன. 28 ஆம் நாளளவில் குழாயின் இரு முனைகளும் மூடிவிடும். மூளையும், முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணும் இதிலிருந்துதான் உருவாகின்றன. கிளினிக்கில் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால் அங்கே இதை ஆறாம் வாரம் என்பார்கள். உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது.

பிறகு அந்தக் குழாயிலிருந்தும் அதன் ஓரத்து உயிரணுக்களிலிருந்தும் இழைகள் கை, கால்களை நோக்கிப் புறப்படுகின்றன. 1880களில் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்றறிஞர் மனிதக் கருக்களை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொரு இழையும் ஓர் உயிரணுவிலிருந்து நீள்வது என்றார். 1890 இல் ஸ்பானிய நாட்டு ஆய்வாளர் ரமோன் இ கஹால், வெள்ளி உப்பால் சாயமேற்றிய கோழிக் கருவில் அந்த இழையின் நுனியைக் கண்டார். வளர்கூம்பு என்பது அதுதான். இருட்டறையில் விரல்களை விரித்துச் சுவரைத் தடவிப் போகும் கையைப் போல, சுற்றியுள்ள இரசாயனக் குறிகளைத் தொட்டறிந்து, ஒத்துவரும் பக்கம் நீண்டு, ஒவ்வாத பக்கம் பின்வாங்கும். 1907 இல் அமெரிக்க ஆய்வாளர் ரொஸ் ஹரிசன் தவளைக் கருவின் திசுத்துண்டை உயிரோடு வைத்து, இழை வளர்வதை நேரிலேயே பார்த்தார். 2017 இல் பாரிஸ் ஆய்வாளர்கள் மனிதக் கருக்களை வெட்டாமலே கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும்படி செய்து, உள்ளே நரம்புகள் கிளைத்துச் செல்வதை முப்பரிமாணப் படமாக வெளியிட்டார்கள்.

உங்கள் பிள்ளைக்கு இந்த 11 வாரத்துக்குள் கையின் பெரிய நரம்புகள் விரல்கள்வரை போய்ச் சேர்ந்திருக்கும். இழைகளைச் சுற்றிக் கொழுப்புறை படிவது நாலாம், ஐந்தாம் மாதத்தில்தான் தொடங்கும், பிறந்த பின்னும் தொடரும். பிள்ளை ஸ்கானில் இப்போதே அசையும். நீங்கள் அதை உணர, முதற்பிள்ளையானபடியால், 18 முதல் 20 வாரம்வரை ஆகலாம். அதற்கு முன் அசைவில்லையே என்று கலங்க வேண்டாம்.

உங்கள் கையிலும் அன்று இதே வளர்கூம்புகள் முளைத்திருக்கும். அறுந்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும். ஆனால் அறுந்த முனைகள் தைக்கப்படாமல் இடையில் தழும்பு விழுந்தால் இழைகள் வழி தவறிவிடும். உங்கள் உடலில் குறையிருந்ததால் அல்ல, உரிய நேரத்தில் சத்திரசிகிச்சை கிடைக்காததால் மரத்துப்போன விரல்களாக இருக்கலாம். அந்த நாட்களில் அது எப்படிக் கிடைத்திருக்கும்? அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

காயம் பிள்ளைக்குப் போகாது. உங்கள் இரத்தத்தில் கலப்பவற்றில் பல போகும். ஆகவே இரண்டு விடயங்களைக் கேட்கிறேன். கைவலிக்காக ஏதாவது குளிசை எடுக்கிறீர்களா? நரம்பு வலிக்கு வலிப்பு மருந்துகளையும் கொடுப்பதுண்டு. அவற்றில் வல்ப்ரோயேற், கார்பமசெப்பின் இரண்டும் பிள்ளையின் முண்ணாண் குழாய் மூடாமல் போகும் ஆபத்தைக் கூட்டுபவை. அப்படி எடுத்தால் நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். குளிசை உறையோடு இந்த வாரமே வைத்தியரைப் பாருங்கள். அடுத்தது, உள்ளே கிடக்கும் துண்டு. பெரும்பாலான சிதறல்கள் இரும்பு, அவற்றால் பிள்ளைக்குத் தீங்கில்லை. ஈயமாக இருந்து மூட்டுக்குள் கிடந்தால் மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேரலாம், ஈயம் வளரும் மூளைக்கு நல்லதல்ல. உங்களுடையது முழங்கை என்பதால் பழைய எக்ஸ்-ரேயைக் காட்டி, ஈயத்துக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். உடலில் உலோகம் இருப்பதை எம்.ஆர்.ஐ. எடுக்கும் எவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருத்துவமாது தரும் போலிக் அமிலக் குளிசையைத் தவறவிடாதீர்கள். முருங்கையிலை, பயறு, கௌபி எல்லாம் நல்லவை, ஆனால் அவை குளிசைக்கு ஈடாகா. இந்தக் குளிசையைத் திருமணமான உடனேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு ஆயத்தமாகும் தோழிகளுக்கும் சொல்லுங்கள், முண்ணாண் குழாய் சரியாக மூட உதவுவது இதுதான், ஆனால் அது மூடும் நாளில் பலருக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. 18க்கும் 22க்கும் இடைப்பட்ட வாரத்தில் ஸ்கான் செய்யும்போது முள்ளந்தண்டைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று. வலது கைப்பிடி பலமில்லாவிட்டால், பிள்ளையைத் தாங்கிப் பாலூட்டும் முறைகளை இப்போதே மருத்துவமாதிடம் பழகுங்கள். பிள்ளைக்கு வார்க்கும் தண்ணீரின் சூட்டை மரத்த விரல்களால் பார்க்க வேண்டாம், இடது கையால் பாருங்கள்.