மார்ஷ்மெல்லோ கரடி, முயல், பன்றிக்குட்டி: கேள்வி பதில்

பிறந்தநாளுக்குப் பத்துக் கரடி முகம் வேண்டும். அளவு சொல்லுங்கள் அக்கா.

மார்ஷ்மெல்லோ 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், ரைஸ் கிரிஸ்பீஸ் (டப்பாவில் வரும் மொறுமொறுப்பான அரிசிப் பொரி) 120 கிராம், கோகோ ஒரு மேசைக்கரண்டி. அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை சிம்மிலேயே உருக்கி, மார்ஷ்மெல்லோவைப் போட்டுக் கிளறுங்கள். முக்கால்வாசி உருகியதும் அடுப்பை அணைத்துவிடலாம். மிச்சம் அந்தச் சூட்டிலேயே கரையும். கோகோவைச் சலித்துச் சேர்த்து, ரைஸ் கிரிஸ்பீஸைக் கொட்டி அடியிலிருந்து புரட்டுங்கள். முகத்துக்கு 25 கிராம், காது ஒவ்வொன்றுக்கும் 3 கிராம். நிறுத்து எடுத்தால்தான் எல்லாக் கரடியும் ஒரே வயசாகத் தெரியும்.

நான் செய்தது மறுநாள் கல் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

தீ கூடிப் போயிருக்கும். மார்ஷ்மெல்லோவில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும்தான். நீர் வற்றினால் பாகு பதம் ஏறி, ஆறியதும் கடலை மிட்டாயாக இறுகும். இன்னொன்று, ரவா லட்டு பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்காதீர்கள். உருவம் நிற்கிற அளவுக்கு அழுத்தினால் போதும்.

எனக்கு நேர்மாறு. கையெல்லாம் ஒட்டுகிறது, உருண்டை சப்பையாகச் சரிகிறது.

சூட்டோடு பிடிக்கிறீர்கள். 3 முதல் 5 நிமிடம் பொறுங்கள். விரலால் தொட்டு எடுத்தால் நூல் இழுக்கக் கூடாது. அமுக்கினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். கையில் வெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், தண்ணீர் வேண்டாம், நமத்துப் போகும். பாதியில் கலவை இறுகிவிட்டால் மைக்ரோவேவில் 10 விநாடி.

காது விழுந்துகொண்டே இருக்கிறது. பல்குச்சி குத்தலாமா?

சின்னப் பிள்ளைகள் தின்பது, குச்சி வேண்டவே வேண்டாம். உருக்கிய சாக்லேட்டில் ஒரு பொட்டு வைத்து ஒட்டி, அது இறுகும்வரை பிடித்திருங்கள். முயலுக்கு இன்னும் சுலபம்: மார்ஷ்மெல்லோவைக் கத்தரிக்கோலால் கோணலாக வெட்டினால் வெட்டுமுகம் பிசுபிசுவென்றிருக்கும். அதை ரோஸ் நிறச் சர்க்கரையில் ஒற்றினால் காதின் உட்புறம் தயார்.

பன்றிக்குட்டிக்காக வெள்ளைச் சாக்லேட்டில் ரோஸ் கலர் விட்டேன். திரிதிரியாகிவிட்டது.

நீங்கள் விட்டது தண்ணீர் கலந்த கலர். உருகிய சாக்லேட்டில் சொட்டு ஈரம் பட்டாலும் அதிலுள்ள சர்க்கரை சேர்ந்து கட்டிப்படும். எண்ணெயில் கரையும் கலர் வாங்குங்கள். இல்லையென்றால் மார்ஷ்மெல்லோ உருகும்போதே ஜெல் கலரை அதில் கலந்துவிடுங்கள், பன்றிக்குட்டி உள்ளேயும் ரோஸாக இருக்கும். சாக்லேட் வெறுமனே கெட்டியாக இருந்தால் 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு இளக்கலாம்.

நாங்கள் சைவம். முட்டை இல்லாதது என்று பார்த்து வாங்கினால் போதுமா?

போதாது. வழக்கமான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சைவ வகை மெதுவாக உருகினால் வெண்ணெயை ஒரு தேக்கரண்டி கூட்டுங்கள். தீயைக் கூட்டாதீர்கள்.

கடைப் பொரியில் செய்யலாமா? எத்தனை நாள் வைக்கலாம்?

செய்யலாம். வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து, நன்றாக ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். பொரி பருமன், அதனால் கரடியின் முகம் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் வரும். காற்றுப் புகாத டப்பாவில், நடுவே பட்டர் பேப்பர் போட்டு, வெளியிலேயே 2, 3 நாள் வைக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகும். வெளியே எடுத்ததும் வியர்த்து, வரைந்த கண் மூக்கெல்லாம் ஈரமாகிவிடும்.