வாசகர் கேள்வி: எதிரிக்காக வாதாடிய சட்டத்தரணி

கேள்வி: பிரித்தானியாவின் தேயிலை வரியை எதிர்த்து அமெரிக்காவின் பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியவர்களைப் பாராட்டிய, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜோன் அடம்ஸ், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர் பிரித்தானியப் படைவீரர்களுக்காக நீதிமன்றில் வாதாடியிருக்கிறார். இது முரண்பாடல்லவா? கொட்டப்பட்டது நம் மலையகத் தேயிலையா?
– வாசகர், ஹட்டன்

பதில்: முரண்பாடென்றே அன்றைய பொஸ்டன்வாசிகள் பலரும் ஏசினார்கள். 1770 மார்ச் 5ஆம் திகதி இரவு, பனிக்கட்டிகளையும் தடிகளையும் எறிந்த கூட்டத்தின்மீது படைவீரர்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். கப்டன் பிரஸ்டனுக்கும் எட்டு வீரர்களுக்கும் வாதாட ஒப்புக்கொண்டபோது அடம்ஸுக்கு வயது 34. பிரஸ்டனும் வீரர்களில் அறுவரும் விடுதலையாயினர். ஏனைய இருவரும் தூக்குக்குத் தப்பி, பெருவிரலில் சூட்டுக்குறியோடு வெளியேறினர்.

இதன் விடை 1765இலேயே இருக்கிறது. பத்திரங்கள், பத்திரிகைகள் மீது பிரித்தானியா விதித்த முத்திரை வரியை எதிர்த்துத் தமது ஊரான பிரெயின்ட்ரீயின் சார்பில் அடம்ஸ் வரைந்த அறிக்கை, மக்களின் சம்மதமின்றி விதிக்கப்பட்ட வரியை மட்டும் கண்டிக்கவில்லை. அவ்வரி தொடர்பான வழக்குகளை ஜூரிகள் இல்லாமல் தனியொரு நீதிபதி விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றங்களையும் கண்டித்தது. ஜூரி விசாரணை தம் மக்களின் பிறப்புரிமை என்று எழுதிய கை, அதே விசாரணையை எதிரிக்கு எப்படி மறுக்கும்? அந்த வழக்கு தாம் நாட்டுக்குச் செய்த மிகச் சிறந்த பணிகளுள் ஒன்று எனப் பின்னர் தமது நாட்குறிப்பில் அவர் எழுதினார். ஏசிய ஊரும் அவரை ஒதுக்கிவிடவில்லை. வழக்கு விசாரணைக்கு வருமுன்பே, அவ்வாண்டு ஜூனில், சட்டமன்றத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. 1776 அமெரிக்க சுதந்திரப் பிரகடனம், பிரித்தானியாவுடனான 1783 பாரிஸ் சமாதான உடன்படிக்கை, 1797இல் ஏற்ற ஜனாதிபதிப் பதவி ஆகியவற்றில் அவரது பங்கு ஊரறிந்தது. என் கணிப்பில் அவற்றைவிடப் பெரியது, அவர் முதன்மையாக வரைந்த பொஸ்டன் அமைந்த மசசூசெட்ஸ் மாநிலத்தின் 1780ஆம் ஆண்டு அரசியலமைப்பு. திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

இனித் தேயிலைக்கு வருவோம். 1773 டிசம்பர் 16 இரவு கடலில் விழுந்த 342 பெட்டிகளிலும் இருந்தது சீனத் தேயிலை. அப்போது கண்டியில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆண்டுகொண்டிருந்தான். நம் மலைகளில் தேயிலைத் தோட்டம் என்று ஒன்றுகூட இருக்கவில்லை. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டதே 1867இல்தான்.

தேத்தண்ணியை விடுவது அடம்ஸுக்கு எளிதாக இருக்கவில்லை. 1774 ஜூலையில், வழக்கு வேலையாக நெடுந்தூரம் குதிரையில் சென்று களைத்தவர், தங்கிய வீட்டு அம்மாளிடம், வரி கட்டாமல் நேர்மையாகக் கடத்திவந்த தேயிலையில் ஒரு கோப்பை கிடைக்குமா என்று கேட்டார். (கடத்தலுக்கு நேர்மை என்ற அடைமொழியைச் சட்டத்தரணி ஒருவரால்தான் சூட்ட முடியும்.) இங்கே எல்லோரும் தேயிலையைத் துறந்துவிட்டோம், வேண்டுமானால் கோப்பி போட்டுத் தருகிறேன் என்றார் அந்த அம்மாள். அன்று முதல் பின்னேரங்களில் கோப்பியே குடித்து வருவதாக மனைவி அபிகேலுக்கு அவர் கடிதம் எழுதினார்.