பாரம் இழுக்கும்போது மட்டும் கூலண்ட் குறைகிறதா?

கேள்வி: என் டீசல் வண்டியை வெறும் வண்டியாக ஓட்டினால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஒரு சொட்டுகூடக் குறைவதில்லை. டிரெய்லரை மாட்டி மேடேறினால் கூலண்ட் டேங்கில் அரை லிட்டர் காணோம். கீழே ஒழுகிய தடமும் இல்லை. எங்கே போகிறது?

பதில்: முதலில் டேங்க் மூடியைச் சுற்றிப் பாருங்கள். கூலண்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ கூலண்டின் நிறத்திலோ பொருக்குத் தட்டியிருக்கும். அப்படி இருந்தால் உள்ளே ஏறும் அழுத்தம் கூலண்டை மூடி வழியாகத் தள்ளுகிறது. மூடியே தளர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் அது 15, 16 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வரை தாங்கவேண்டும். குறைந்த செலவில் முடிகிற வேலை, அதை முதலில் முடித்துவிடுங்கள்.

மூடி நன்றாக இருந்தும் தள்ளினால் என் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் மீதுதான். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு அது. பாரம் இழுக்கும்போது டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கிறது, டீசலும் கூடுகிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறுகிறது. ஹெட் மயிரிழை தூக்கினாலும் எரிந்த வாயு கூலண்ட் பாதைக்குள் புகுந்துவிடும். பாரம் குறைந்ததும் ஹெட் பழையபடி படிந்துகொள்ளும். அதனால்தான் ஷெட்டில் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை.

பாரம் இழுத்த மறுநாள் காலை, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மூடியை மெல்லத் திருப்புங்கள் (சூட்டில் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்). ஆறிய இன்ஜினில் 'புஸ்' என்று காற்று வந்தால் அது உள்ளே சிக்கிய வாயு. மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்குங்கள். சூடேறும் முன்பே, ஓரிரு நிமிடத்தில் அது கல்லாக இறுகினால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

கேள்வி: மெக்கானிக் கூலண்ட் டேங்கின் வாயில் நீலநிற மருந்து வைத்துச் சோதித்தார். நிறம் மாறாததால் கேஸ்கெட் நல்லது என்கிறார். நம்பலாமா?

பதில்: நிறம் மாறினால் நம்பலாம். மாறாததை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த மருந்து காட்டுவது எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடை. டீசல் இன்ஜின் ஐடிலில் தேவைக்கு மிக அதிகமான காற்றோடு ஓடுவதால் அதன் புகையில் அந்த வாயு குறைவு. நன்றாகப் பாரம் இழுத்து வந்த கையோடு சோதித்தால்தான் பலன்.

இந்தச் சோதனையில் 'தேறி', ரேடியேட்டரும் மாற்றப்பட்ட ஒரு லாரி என்னிடம் வந்தது. கூலண்ட் லைனில் ஒரு பிரஷர் கேஜைப் பொருத்தி, நீள ஹோஸில் கேபினுக்குள் கொண்டுவந்து, பாரத்தோடு மேடேற்றினேன். ஆக்சிலேட்டரை மிதித்தபோதெல்லாம் முள் கூடவே ஏறியது. ஹெட்டை இறக்கினால், கேஸ்கெட்டில் சிலிண்டரைச் சுற்றிய வளையத்திலிருந்து தண்ணீர்த் துளை வரை பென்சில் கோடு போல ஒரு கரித்தடம்.

கேள்வி: கூலண்டும் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை, இனிப்பு வாடை.

பதில்: இன்ஜினுக்கே திரும்பிப்போகும் புகையைக் கூலண்டால் ஆறவைக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். அதைத் தனியாகக் கழற்றி அழுத்தச் சோதனை செய்யுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். நிறுத்திய வண்டியில் கூலண்ட் சிலிண்டருக்குள் தேங்கிவிட்டால், ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

கேள்வி: கசிவை அடைக்கும் திரவம் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். ஹீட்டர், ஆயில் கூலர் இவற்றின் சன்னமான பாதைகளை அது அடைத்துவிடும்.

கேள்வி: கேஸ்கெட் மாற்றிச் சில மாதங்களில் மறுபடி அதே தொல்லை.

பதில்: ஹெட்டோடு பிளாக்கின் மேல்தளத்தையும் நேர்விளிம்பு வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார்களா, ஹெட்டில் விரிசல் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இறுக்கும்போது நீண்டுகொடுக்கும் வகைப் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பழையதையே போட்டிருந்தால் கோளாறு அங்கேயே இருக்கலாம். பவர் கூட்ட டியூனிங் செய்த வண்டியாக இருந்தால், பாரம் இழுக்கும் நாட்களில் அந்த டியூனிங்கை நீக்கிவிடுங்கள்.