நாள் முழுக்க பெட்டி தூக்குறவருக்கு ஜிம் எதுக்கு?

கேள்வி: மேடம், எனக்கு குடோன்ல நாள் முழுக்க பெட்டி தூக்கி அடுக்குற வேலை. ஃப்ரெண்டு ஜிம்முக்கு வான்னு கூப்பிடுறான். நான் தூக்குறதும் எக்சர்சைஸ்தானே, தனியா எதுக்கு? இன்னொன்னு, என் மனைவி கம்ப்யூட்டர் வேலை பார்க்குறாங்க, கழுத்தும் தோளும் வலிக்குதுன்னு தினமும் சொல்றாங்க. கீபோர்டுல அப்படி என்னங்க வெயிட் இருக்கு?

பதில்: உங்க மனைவிக்கு வர்றது நிஜமான வலிங்க, முதல்ல அதை நம்புங்க. தசை எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்க்க ஈஎம்ஜின்னு ஒரு முறை இருக்கு. கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவுல தோல் மேலயே சின்ன எலக்ட்ரோடு ஒட்டி, முழு பலத்தோட தோளை மேல தூக்க சொல்லி அதை 100 சதவீதம்னு வெச்சுக்குவாங்க. அப்புறம் டைப் அடிக்க சொன்னா ஸ்கிரீன்ல கோடு ரொம்ப கீழதான் ஓடும், ஆனா ஜீரோவுக்கு இறங்கமாட்டேங்குது, பிரச்சனையே அங்கதான்.

1960ல ஜெர்மனியில ரோமெர்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர், சுமை முழு பலத்துல 15 சதவீதத்துக்கு கீழ இருந்தா எவ்வளவு நேரம் வேணும்னாலும் தாங்கலாம்னு சொன்னாரு. அதையே எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க, ஆனா 1978ல ஸ்வீடன்ல யோன்சன்னு இன்னொரு ஆராய்ச்சியாளர், நாள் பூரா விடாம இருக்குற சுமை 2 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5ஐ தாண்டவே கூடாதுன்னு அந்த அளவை அடியோட இறக்கிட்டாரு. காரணம் என்னன்னா, லேசான வேலைக்கு எப்பவும் அதே சின்ன தசை நார்கள்தான் முதல்ல எழுந்திரிக்கும், கடைசியா படுக்கும். 1991ல ஹேக்னு ஒரு ஆராய்ச்சியாளர், வீட்டுல முதல்ல எழுந்து கடைசியா படுக்குற சிண்ட்ரெல்லா கதையை வெச்சே இதுக்கு பேர் வெச்சாரு. நார்வேயில பேக்கிங் வேலை செஞ்ச பெண்களை அளந்து பார்த்தப்ப, வலி இருந்தவங்களுக்கு வேலைக்கு நடுவுல தசைக்கு கிடைக்குற, ஒரு செகண்டுக்கும் குறைவான குட்டி ஓய்வுகள்கூட கம்மியாத்தான் இருந்துச்சு. அதனால அடிக்கடி கையை மடியில போட்டு தோளை தொங்க விட சொல்லுங்க. எலாஸ்டிக் பேண்ட் வெச்சு தினமும் 2 நிமிஷம் தோளுக்கு பயிற்சி செஞ்சாலே ஆபீஸ்காரங்களுக்கு வலி குறையுதுன்னு 2011ல டென்மார்க்ல காட்டியிருக்காங்க.

இப்ப உங்க விஷயம். ஜிம்ல ஒரு செட் முடிஞ்சா ஓய்வு, அடுத்த நாள் அந்த தசைக்கு லீவு, அந்த லீவுலதான் தசை வளருது. குடோன்ல லோடு வந்துக்கிட்டே இருக்கும், மணிக்கணக்கா இதயத்துடிப்பும் பிரஷரும் ஏறியே இருக்கும், மறுநாளும் அதே முதுகு அதே வேலை. 2018ல பல ஆய்வுகளை சேர்த்து பார்த்தப்ப, வேலையில உடல் உழைப்பு அதிகமா இருந்த ஆண்களுக்கு சீக்கிரம் இறக்குற ரிஸ்க் 18 சதவீதம் கூடுதலா வந்துச்சு. வறுமை, புகைப்பழக்கம் எல்லாம் அதுல கலந்திருக்குன்னு சிலர் மறுக்கிறாங்க, அந்த வாதம் இன்னும் முடியல, ஆனா வேலையே எக்சர்சைஸ்னு நினைச்சு விட்டுடாதீங்க.

ஜிம்முக்கு தாராளமா போங்க. உங்க முழு பலம் கூடினா, அதே பெட்டி அந்த பலத்துல சின்ன சதவீதமாயிடும். வாரத்துல ரெண்டு நாள், கொஞ்ச நேரம் போதும், லோடு அதிகமான நாள்ல போகாதீங்க. ஆனா அதுக்கு முன்னாடி பெட்டியோட எடையை பாருங்க. அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பை ஆராயுற நியோஷ்ங்கிற அரசு நிறுவனத்தோட கணக்குப்படி எல்லாமே வசதியா இருந்தாக்கூட, அதாவது உடம்போட ஒட்டி, இடுப்புக்கிட்ட இருந்து தூக்கினாக்கூட, 23 கிலோதான் எல்லை. கையை நீட்டி, குனிஞ்சு, திரும்பி தூக்கினா அது கடகடன்னு குறைஞ்சிடும். தரையில இருக்குற ஸ்டாக்கை இடுப்பு உயரத்துக்கு ஏத்தி வைக்க சொல்லி மேனேஜர்கிட்ட கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. யாருக்காவது கையோ காலோ மரத்துப்போனா, பிடி தளர்ந்தா, பயிற்சியை நிறுத்திட்டு டாக்டரை பாருங்க.